நூற்று முப்பத்தொரு கிலோ எடைக்கல்

ஒன்யினாசே அரண்மனை
9 ஏப்ரல்

அக்ரா நகரத்து ஆஸ்பத்திரியே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என் அக்காள் மகள் பிராகோவுக்கு,

உன் தாய்மாமனும் ஊர்த் தலைவனுமான நானா தெங்கொராங் நலம். உன் அத்தை கொனாமா நலம். உன் அம்மா நலம், முட்டி மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. ஆடுகள் நலம். நீயும் நலம் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை என் பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரும் அரண்மனைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் அஃப்ரம். சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினான். நான் சபையில் நேராகப் பேசுவதில்லை, உனக்குத் தெரியும். நான் மெதுவாகச் சொல்வேன், என் பேச்சாளர் பாதூ அதை அழகுபடுத்தி ஊருக்குச் சொல்வார். அவர் இருபது வருஷமாக அழகுபடுத்தியே வாழ்கிறவர். ஆனால் அன்றைக்கு அஃப்ரம் சொன்னதை அவராலும் அழகுபடுத்த முடியவில்லை.

"நானா, நாங்க சண்டைக்கு வரல. தோளு வரணும்னு சொல்லிச்சு, அதோட நாங்களும் வந்தோம். போன வருஷம் ஓட்விரா திருவிழாவுல நீங்க பல்லக்கு மேல ஆடினப்ப கம்பு விரிசல் விட்டுது. ஒரு அடி தள்ளி ஆடியிருந்தா நானா தரையில, நாங்க ஜெயில்ல."

அந்தக் கம்பு கரையான் அரித்தது என்று பாதூ மூலமாகத் தெரிவித்தேன்.

"கம்பு புதுசு, நானா. நானே வெட்டினது."

அவர்களுடைய நிபந்தனை இது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் என்னை உட்காரவைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆடினாலும் தாங்கும் என்று தோளுக்குத் தோன்றினால் தூக்குவார்கள். தோன்றாவிட்டால் நான் குடையின் கீழ் நடந்து வர வேண்டும். பிராகோ, பக்கத்து ஊர்த் தலைவன் நானா ஒபெங், அந்தத் துடைப்பக்குச்சி, பல்லக்கிலிருந்து குனிந்து என்னைப் பார்ப்பான். "என்ன தெங்கொராங், நடக்கறீங்களா, நல்லது" என்பான். அந்த 'நல்லது' ஒன்றுக்காகவே நான் மெலியப் போகிறேன்.

டிசம்பரில் உன் ஆஸ்பத்திரியில் நீ என்னை நிறுத்துப் பார்த்தபோது நூற்று முப்பத்தொரு கிலோ என்றாய். அது என் எடை மட்டும் இல்லை, அதில் பதவியின் கனமும் இருக்கிறது. இருந்தாலும் குறைக்கலாம். நோயாளிகளுக்கு என்ன சாப்பிடுவது என்று எழுதிக் கொடுப்பதுதானே உன் வேலை. மாமனுக்கும் ஒரு தாள் எழுது. கலோரியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை, ஏழாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். மாவில் இருக்கிற ஒரு விதக் கிருமி, நன்றாக இடித்தால் செத்துவிடும். ஆகவே கிழங்கை இடித்து உருட்டும் நம் ஃபுஃபுவை இனி இரண்டு மடங்கு நேரம் இடிக்கும்படி உத்தரவு போட்டிருக்கிறேன். இடிக்கிற பெண்கள் என்னை வாழ்த்துகிறார்கள், சத்தமில்லாமல்.

உன் மாமன்,
நானா தெங்கொராங்
(முத்திரை காய்வதற்கு முன் மடித்ததால் ஒட்டியிருக்கும். மெதுவாகப் பிரி.)

---

அக்ரா
20 ஏப்ரல்

அன்புள்ள மாமாவுக்கு,

பிராகோ எழுதுகிறேன். முத்திரை ஒட்டித்தான் இருந்தது. நானா ஒபெங்கின் பெயர் பாதி கிழிந்துவிட்டது, நீங்கள் வருத்தப்படமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கலோரி கிருமி இல்லை மாமா. சாப்பாட்டில் இருக்கும் சூட்டின் அளவு. எவ்வளவு இடித்தாலும் அது அங்கேயே இருக்கும். பாவம், அந்தப் பெண்களை விட்டுவிடுங்கள்.

பஸ் டிரைவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு சின்ன சமையல் தராசும் கோடு போட்ட நோட்டும் இருக்கின்றன. வாயில் போடும் ஒவ்வொன்றையும் முதலில் நிறுத்து, பிறகு எழுதி, அப்புறம் சாப்பிடுங்கள். நிலக்கடலையும் சாப்பாடுதான். பனங்கள்ளும் சாப்பாடுதான். மாதம் ஒரு முறை உங்கள் ஊர் மருத்துவமனையில் உடம்பை நிறுத்துப் பாருங்கள்.

கடினமில்லை, பழகிவிடும். நானும் அப்படித்தான் செய்கிறேன். எழுதாமல் நான் ஒரு வாழைப்பழம்கூடச் சாப்பிடுவதில்லை.

அத்தைக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. வேலை அதிகம், இந்த வருஷமும் திருவிழாவுக்கு வர முடியாது போலிருக்கிறது.

உங்கள்,
பிராகோ

---

ஒன்யினாசே அரண்மனை
17 மே

கலோரியைக் கண்டுபிடித்தவர்களுக்கே பாடம் எடுக்கத் தகுந்த என் மருமகளுக்கு,

நலம். நலத்துக்கு மேலும் நலம். நீ இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

தராசு வந்தது. முதல் வாரம் அரண்மனையில் அதில் நிறுத்தாத பொருள் இல்லை. மிளகாயை நிறுத்தோம். உப்பை நிறுத்தோம். கருவாட்டைத் தலையோடு ஒரு தரம், தலையில்லாமல் ஒரு தரம். குவாமே வீட்டு இழவுக்குப் போனபோதும் இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். எனக்கென்று தனியறையில் வைத்த மீனை நிறுத்துக்கொண்டிருந்தேன், இறந்தவருடைய மனைவி எட்டிப் பார்த்துவிட்டாள். மீன் சின்னதாக இருக்கிறது என்று நான் குறை சொல்வதாக நினைத்து இன்னும் இரண்டு கொண்டுவந்து வைத்தாள். துக்க வீட்டில் மறுப்பது மரியாதை இல்லை.

உன் அத்தைக்குத்தான் இது பிடிக்கவில்லை. "இந்த வீட்ல முப்பது பேருக்கு நான் கண்ணால அளந்து பொங்கறேன். நீங்க ஒரு கத்தரிக்காய ரெண்டு தரம் நிறுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அது என்ன, நடுவுல வளருமா?" என்கிறாள். விஞ்ஞானம் அவளுக்கு எட்டாது. கண்ணை மூடினால் எனக்கு எண்கள் தெரிகின்றன. நேற்று ஒரு வழக்கு விசாரிக்கும்போது வாதியின் முகத்தைப் பார்த்து இவன் ஒரு நூற்று நாற்பது கிராம் கிழங்கு என்று நினைத்தேன்.

நோட்டு எழுதும் பொறுப்பைப் பாதூவிடம் கொடுத்தேன். தலைவனின் வாயிலிருந்து வருவதை ஊருக்குச் சொல்பவர், வாய்க்குள் போவதையும் அவரே சொல்வதுதான் முறை. மாதிரிக்கு ஒரு நாளை அப்படியே எழுதுகிறேன்:

"திங்கள், காலை. சூரியன் எழுந்து நம் தலைவரிடம் அனுமதி கேட்ட வேளையில், காட்டை நோக்கும் யானைபோல் அவர் கஞ்சியை நோக்கினார். கஞ்சி பணிந்தது. மதியம். ஆறு பெண்கள் இடித்து இளைத்த ஃபுஃபு மலையொன்று அவர் முன் வந்தது. மாலைக்குள் அங்கே மலை இருந்ததற்கான தடயமும் இல்லை."

உண்மையில் நான் தின்றது ஒரு உருண்டை. தலைவர் ஒரே உருண்டை தின்றார் என்று எழுதினால் ஊருக்கு அவமானம் என்கிறார் பாதூ.

இப்போது முக்கியச் சேதி. மருத்துவமனையில் எடை பார்க்க நான் போகவில்லை. அங்கே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். ஆசனத்தில் உட்கார்ந்தவனுடைய வெறுங்கால் தரையில் படக்கூடாது என்பது அந்த நர்ஸுக்குத் தெரியவில்லை, அவள் கடற்கரைப் பக்கத்துக்காரி. அதனால் கோக்கோ வாங்கும் கொட்டகைக்குப் போனேன். அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருக்கிறது, மேலே ஏறி நிற்கலாம், செருப்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கொட்டகைக் கணக்கன் டார்க்வா துண்டால் தட்டிச் சுத்தம் செய்து கொடுத்தான்.

நூற்றுப் பதினெட்டு.

பிராகோ, நோட்டு தொடங்கி ஒன்பதே நாள். பதிமூன்று கிலோ போய்விட்டது, அதுவும் செருப்போடு. டார்க்வா கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நானா, பஞ்சு மாதிரி ஆயிட்டீங்க" என்றான். படித்த பையன்.

அன்று மாலையே ஊர் முழுக்கத் தண்டோரா போடச் சொன்னேன். அந்த மகிழ்ச்சியில் ஓர் ஆடும் வெட்டினோம். அதை நோட்டில் சேர்க்கவில்லை.

உன் மெலிந்த மாமன்,
நானா தெங்கொராங்

---

அக்ரா
28 மே

அன்புள்ள மாமாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். சாப்பாட்டுத் தாள் வாங்க வந்திருந்த நோயாளி ஒருவர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்.

பாதூ ஐயா நோட்டில் எழுதியதை ஓர் இரவு கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினோராயிரம் கலோரி வருகிறது. அது உண்மையானால் நீங்கள் இப்போது ஊரிலேயே பெரிய கட்டடமாக இருக்க வேண்டும். அது பொய்யாகவே இருக்கட்டும், ஆனாலும் ஒன்பது நாளில் பதிமூன்று கிலோ எந்த மனிதனுக்கும் குறையாது. குறைந்தால் அவன் தண்டோரா போடுகிற நிலையில் இருக்கமாட்டான். ஒன்று உங்களுக்கு உடம்பு சரியில்லை, அல்லது தராசுக்குச் சரியில்லை.

வாய் தைத்த சிமென்ட் மூட்டை ஒன்றை அந்தத் தராசில் வையுங்கள். ஐம்பது கிலோ. என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. எண்கள் கண்ணுக்குள் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சிரிக்காமல் படித்தேன். எனக்கும் தெரியும் மாமா, மூன்று வருஷமாக. திருவிழாவுக்கு வேலை என்று சொன்னது பாதிதான் உண்மை. ஊரில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் கைவைத்துச் சாப்பிடுகிறீர்கள். அதில் என் பங்கு எவ்வளவு என்று எப்படி எழுதுவது? இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

பிராகோ

---

ஒன்யினாசே அரண்மனை
24 ஜூன்

என் பிராகோவுக்கு,

நலம் விசாரிப்பதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

சிமென்ட் மூட்டையை வைத்தேன். நாற்பத்தைந்து காட்டியது. இன்னொன்று வைத்தேன், மூட்டையில் பிழையோ என்று. அதுவும் நாற்பத்தைந்து. அதாவது நான் ஒரு கிலோகூட மெலியவில்லை. அதாவது இந்த ஊர்க்காரன் கொண்டுபோகும் ஒவ்வொரு பத்து மூட்டைக்கும் ஒரு மூட்டை காற்றில் போகிறது. டார்க்வா பக்கத்திலேயே நின்றான். பையன் பயப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"நானா, தராச நான் சரி பண்ணிடறேன். ஒரு நிமிஷ வேலை. ஆனா அது திருந்தினா உங்க உடம்பும் பழையபடி திருந்திடும். தண்டோரா வேற போட்டாச்சு. யோசிச்சுக்குங்க."

மூன்று நாள் யோசித்தேன். உன்னிடம் மறைக்கமாட்டேன், மூன்று நாளும் ஊரைப் பற்றி யோசிக்கவில்லை, நானா ஒபெங்கின் முகத்தைப் பற்றித்தான் யோசித்தேன். மூன்றாம் நாள் உன் அத்தை கேட்டாள், "என்ன, தராசு சாப்பிடவும் இல்ல, நீங்க சாப்பிடவும் இல்ல?" சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்த் தன் அண்ணன் கொட்டகையில் போட்ட மூட்டைகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

சபையைக் கூட்டினேன். பாதூவின் காதில், தராசு பொய், நான் இளைக்கவில்லை, டார்க்வா திருடன் என்று சொன்னேன். ஆறு சொல். பாதூ தங்கப்பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு தொடங்கினார். ஆறு எப்படிக் கடலைத் தேடிப் போகிறது என்றார். சிறுத்தை எப்படித் தன் புள்ளிகளை மறைப்பதில்லை என்றார். முடித்தபோது ஊர் கைதட்டியது. நான் இன்னும் ஐந்து கிலோ குறைந்துவிட்டேன் என்று புரிந்துகொண்டார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உன் அத்தை எழுந்தாள்.

"அவரு ஒரு கிராம்கூட இளைக்கல. தராசு திருடுது. பத்துக்கு ஒண்ணு போச்சு. அவ்வளவுதான் சேதி, எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

புரிந்தது. டார்க்வா பின்வாசல் வழியாகப் போனான். இன்றுவரை முன்வாசல் வழியாக வரவில்லை. அஃப்ரம் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னான், "தோளு அன்னிக்கே சொல்லிச்சு, நானா." ஊரில் ஒரு வாரம் என்னைப் பஞ்சு நானா என்றார்கள். நான் முன்னால் போனால் ஊதுகிறார்கள்.

பெரியவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். என் ஆளுகையில் இருக்கும் ஏழு கிராமத்துக் கொட்டகைகளையும் சோதிக்க வேண்டும். ஜீப் போகாது, மழையில் பாதை சேறு. சிமென்ட் மூட்டையைத் தலையில் சுமந்தால் வழியிலேயே நனைந்து கல்லாகிவிடும். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, இப்படிப்பட்ட யோசனை இந்த நாட்டிலேயே வேறு யாருக்கும் வந்திருக்காது. நானே எடைக்கல். மருத்துவமனைக்குப் போய், ஆட்டுத்தோல் விரித்து, அந்தக் கடற்கரைக்காரியிடம் முறைப்படி நிறுத்துக்கொண்டேன். சரியாக நூற்று முப்பத்தொன்று. இனி எந்தத் தராசில் நான் ஏறினாலும் அந்த எண் வர வேண்டும். வராவிட்டால் கணக்கன் திருடன்.

சமையல் தராசை உன் அத்தை எடுத்து வைத்துவிட்டாள். நோட்டைப் பாதூ தன் கவிதைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று. தலைவன் சாப்பிடுவதை ஊர் பார்க்கக்கூடாது என்பதால் பன்னிரண்டு வருஷமாக உள்ளறையில் தனியாகச் சாப்பிட்டு வந்தேன். கொண்டுவந்து வைப்பார்கள், காலியானால் மறுபடி வைப்பார்கள். போதும் என்று சொல்ல அங்கே யாரும் இருந்ததில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது உன் அத்தை உள்ளே வந்து என்னோடு ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிறாள். "பசிச்சா கை வைங்க. போதும்னா கை கழுவுங்க. நடுவுல பேசுங்க" என்கிறாள். இந்த மூன்றுதான் அவளுடைய நோட்டு. அவள் சாப்பிடுகிற வேகத்தில் அவளோடு ஒரே கிண்ணத்தில் யாரும் குண்டாக முடியாது என்பது வேறு விஷயம்.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் உன் அம்மா மூன்று வருஷமாக நீ எங்கள் மேல் கோபமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு எண்கள் இரண்டு வாரம்தான் தெரிந்தன, அதற்கே மனிதர்கள் கிழங்காகத் தெரிந்தார்கள். மூன்று வருஷம் எப்படித் தாங்குகிறாய் மகளே?

நீ நலமா? இப்போதுதான் கேட்கிறேன்.

மாமன்

---

அக்ரா
5 ஜூலை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்திய வரியை நிறைய முறை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் தராசை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். மாலையில் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர், "உள்ள என்ன நகையா?" என்று கேட்டார்.

தாங்குவது பற்றிக் கேட்டீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். எங்கள் பிரிவில் என்னைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

நீங்கள் டார்க்வாவைப் பற்றிச் சபையில் சொன்னது எனக்குப் பெருமையாக இருக்கிறது. சரி, அத்தை சொன்னது.

சேற்றில் கவனமாக நடங்கள்.

பிராகோ

---

ஒன்யினாசே அரண்மனை
12 செப்டம்பர்

பூட்டிய அன்றே திறந்தாலும் பூட்டத் தெரிந்த என் மருமகளுக்கு,

இந்த இரண்டு மாதத்தில் நான் நடந்த தூரத்தை நேராகப் போட்டால் அக்ரா வந்து, கடலில் கால் நனைத்து, திரும்பியும் இருப்பேன். உன் அத்தை பாதிதான் என்கிறாள். பாதியாகவே இருக்கட்டும், கடலில் கால் நனைக்கவில்லை.

சந்தை இல்லாத நாளில் எல்லாம் புறப்படுவோம். நான், பாதூ, குடைக்காரர். தோட்டத்துக் குடிசைக்குள் எது கிடைக்கிறதோ அது சாப்பாடு, சுட்ட வாழைக்காயும் நிலக்கடலையும். நடந்த களைப்பில் ருசி தெரிந்தது. நிறைந்ததும் தெரிந்தது, அது எனக்குப் புதிது.

முதல் கிராமத்தில் தராசு நூற்று முப்பதரை காட்டியது. மன்னித்தேன். இரண்டாவதில் நூற்று இருபத்தொன்பது. எச்சரித்தேன். மூன்றாவதில் நூற்று இருபத்தேழு. அபராதம் ஓர் ஆடு. நாலாவதில் நூற்று இருபத்தைந்து, கொட்டகைக்குச் சீல். ஊருக்கு ஊர் திருட்டு கூடிக்கொண்டே போகிறது என்று பாதூ ஒரு நீண்ட உரை தயார் செய்துவிட்டார்.

ஐந்தாவது கிராமத்துக் கணக்கர் சேஃபா, அறுபது வயது. நான் ஏறினேன். நூற்று இருபத்து மூன்று. பாதூ தடியை ஊன்றி, ஆமையின் ஓட்டுக்குள் ஒளியும் திருடனைப் பற்றி ஆரம்பித்தார். சேஃபா கையை உயர்த்தினார்.

"ஐயா, ஆமைய அப்புறம் பாத்துக்கலாம். நானா, நான் ஒண்ணு கேக்கலாமா? மே மாசம் உங்க மச்சான் கல்யாணத்துக்கு வந்தப்ப இந்தத் துணிதானே உடுத்தியிருந்தீங்க?"

ஆம் என்றேன்.

"அன்னிக்கு முந்தானை தோள்வரைக்கும்தான் எட்டிச்சு. நீங்க இழுத்து இழுத்து விட்டுக்கிட்டிருந்தீங்க, நான் பின்னால உக்காந்து பாத்தேன். இன்னிக்கு ஒரு சுத்து சுத்தி, முதுகுக்குப் பின்னால முழங்கை நீளம் தொங்குது. நானா, தராசு சரியாத்தான் இருக்கு. எடைக்கல்லுதான் தேஞ்சுபோச்சு."

சிமென்ட் கொண்டுவந்து வைத்தார்கள். ஐம்பது. ஒரு தூசிகூடக் குறையாமல் ஐம்பது.

பிராகோ, உண்மையாகவே இளைத்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நாலாவது கிராமத்துக் கணக்கர் சீல் வைத்த கொட்டகை வாசலில் இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் நினைவுக்கு வந்தது. தலைவன் தப்புச் செய்தால் அவன் வாயால் சொல்வதில்லை, பேச்சாளர் வாயால் மழை, நதி, நிலா எல்லாம் கலந்து சொல்லவைப்பான். பாதூ தொண்டையைச் சரிசெய்தார். நான் அவர் தடியைப் பிடித்துக் கீழே வைத்தேன்.

"சேஃபா, தப்பு என்மேல" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் அழகுபடுத்த எனக்குத் தெரியவில்லை.

வந்த வழியே திரும்ப நடந்தேன். நாலாவதில் சீலை என் கையால் கிழித்தேன். மூன்றாவதில் ஆட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஆட்டைத்தான் நாங்கள் ஏற்கெனவே தின்றிருந்தோம், அதனால் அதைவிடக் கொஞ்சம் பெரிய ஆடு. இரண்டாவதில் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றேன். திரும்பும் வழியில் இன்னும் இளைத்திருப்பேன், ஆனால் எந்தத் தராசிலும் ஏறவில்லை. மீதி இரண்டு கிராமத்துக்கு மழை நின்றதும் ஜீப்பில் சிமென்ட் மூட்டை போகிறது.

அடுத்த புதன்கிழமை அஃப்ரம் என்னைத் தூக்கிப் பார்க்கிறான். அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை ஓட்விரா. நான் மேலேயா கீழேயா என்று இன்னும் தெரியாது. வா மகளே. உனக்குத் தனித்தட்டு வேண்டுமானால் தனித்தட்டு. தராசோடு வந்தாலும் வா. இழவு வீட்டுக்கே நான் கொண்டுபோனவன், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உன் அம்மாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

மாமன்

---

அக்ரா
2 அக்டோபர்

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தேன். நீங்கள் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன். உங்கள் கைக்குப் போனால் அந்த எட்டுப் பேரும் எண்பது பேராகிவிடுவார்கள்.

நான் பார்த்தது இது. அஃப்ரம் உங்களைத் தூக்கினார். முதலில் எல்லோரும் மெதுவாக வந்தார்கள், பழைய பழக்கத்தில். பந்தலுக்குப் பக்கத்தில் அஃப்ரம் ஒரு நடை வேகமாக வைத்துப் பார்த்தார். தோள் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்னொரு நடை. பிறகு எட்டுப் பேரும் ஓட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பாரத்தில் நடந்தவர்கள், முரசு கேட்டதும் அவர்களே ஆடினார்கள். சுற்றினார்கள். பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வந்தது. நீங்கள் ஆடவில்லை மாமா. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "டேய், மெதுவா, டேய்" என்று கத்தினீர்கள். நானா ஒபெங் தன் பல்லக்கிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருடைய ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் முகத்தை நான் பார்த்தேன். பொறாமைதான்.

மூன்றாவது சுற்றில்தான் ஒரு கையை விட்டீர்கள். அப்புறம் ஆடினீர்கள். நன்றாகவே ஆடினீர்கள்.

இரண்டாவது சேதி. சனிக்கிழமை மதியம் அம்மாவும் அத்தையும் நானும் சமையற்கட்டில் உட்கார்ந்தோம். எனக்குத் தனித்தட்டு வைத்திருந்தார்கள். தராசு என் பையில் இருந்தது. அத்தை நீங்கள் கத்தினதை நடித்துக் காட்ட ஆரம்பித்தார். அம்மாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. எப்போது என் கை அவர்கள் கிண்ணத்துக்குள் போனது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது விரலெல்லாம் பனங்குழம்பு. அத்தை பார்த்தார், மீன் துண்டை என் பக்கம் தள்ளினார்.

திங்கட்கிழமை இங்கே மறுபடி நிறுத்தேன், எழுதினேன். செவ்வாய்க்கிழமை மதியம் எழுதவில்லை. இன்று தெரியாது, இன்னும் சாயங்காலம் ஆகவில்லை. இப்படித்தான் போகும் போலிருக்கிறது.

உங்கள்,
பிராகோ

---

ஒன்யினாசே அரண்மனை
9 அக்டோபர்

என் பிராகோவுக்கு,

உன் கடிதத்தில் ஒரு திருத்தம். நான் கத்தவில்லை. தலைவர்கள் கத்துவதில்லை. கீழே ஓடிவந்த பாதூ என் சார்பாகக் கத்தினார். குரல் மேலிருந்து வந்ததுபோல் உனக்குத் தோன்றியிருந்தால் அது அவருடைய திறமை.

ஒபெங்கைப் பற்றி எழுதியதை உன் அத்தைக்கு நாலு முறை படித்துக் காட்டினேன். ஐந்தாவது முறை எழுந்து போய்விட்டாள்.

உன் அம்மா மூன்று நாளாகப் பாட்டு முணுமுணுக்கிறாள். முட்டி வலி என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை, வானம் கறுத்திருந்தும்.

இப்போது ஒரு சிக்கல். நேற்று அஃப்ரம் வந்து, "நானா, இதே மாதிரி போனா அடுத்த வருஷம் ஆறு பேரு போதும். கடைசி ரெண்டு பேர நிறுத்திடலாமா?" என்று கேட்டான். அந்த இரண்டு பேரும் வாசலில்தான் நின்றார்கள், தலையைக் குனிந்துகொண்டு. அவர்களுடைய அப்பன்மார் எனக்கு முன் தலைவராக இருந்த என் மாமனைத் தூக்கினவர்கள். என்னால் இரண்டு பேர் தோளுக்கு வேலை இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே ஊர் நலன் கருதி, இன்று மதியம் மட்டும், இரண்டாவது உருண்டை.

அது எத்தனை கிராம் என்று என்னைக் கேட்காதே. நானும் உன்னைக் கேட்கமாட்டேன்.

உன் மாமன்,
தெங்கொராங்